அட்டவணையில் இடமில்லாத உதவி
சக ஆசிரியரிடம் அறிவைப் பகிர ஒரு பேராசிரியரைத் தூண்டுவது எது?

ஐன்ஸ்டீனும் மின்கோவ்ஸ்கியும் ஜெர்மன் மொழியில் எழுதிய சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1920-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் நூலாக வெளியிட்டது. மொழிபெயர்த்தவர்கள் அங்கே இளம் விரிவுரையாளர்களாக இருந்த மேகநாத் சாஹாவும் சத்யேந்திரநாத் போஸும். முன்னுரை பி.சி. மஹலனோபிஸ். யுத்தத்தால் ஜெர்மன் நூல்கள் வருவது தடைபட்ட காலத்தில், ப்ரூல் என்ற பேராசிரியர் தம் சொந்தப் புத்தகங்களை அவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார். இந்த உதவிகளைக் கணக்கிட அன்று மதிப்பெண் அட்டவணை எதுவும் இல்லை.

அட்டவணை பிறகு வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2010-ல் ஆசிரியர்களின் செயல்திறனை எண்களால் அளக்கத் தொடங்கியது. 2018-ன் விதிமுறைகளில் கணக்கு இப்படிப் போகிறது: இருவர் சேர்ந்து கட்டுரை எழுதினால் ஆளுக்கு 70 சதவீத மதிப்பெண். இருவருக்கு மேல் என்றால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்குத் தலா 30.

அதாவது, இருவர் தனித்தனியே ஒரு கட்டுரை எழுதுவதைவிட, இரண்டிலும் இருவர் பெயரையும் போட்டால் ஆளுக்கு ஒன்றரைக்குச் சற்றே குறைவாகத் தேறும். பெயரைப் பகிர்ந்தால் லாபம். ஆனால் சக ஆசிரியரின் கட்டுரையைப் படித்துத் திருத்திக் கொடுத்தவருக்கோ, பாடக் குறிப்புகளைப் புதியவரிடம் ஒப்படைத்தவருக்கோ அந்த அட்டவணையில் கட்டம் இல்லை.

பகிர்வதில் தயக்கமும் நியாயமற்றதல்ல. ஒரே பதவிக்கு இருவர் போட்டியிடும்போது, சொன்ன யோசனை அடுத்தவர் பெயரில் அச்சாகிவிடுமோ என்ற பயம் இருக்கிறது. ஆண்டுக்காண்டு ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவருக்குத் தெரிந்த வித்தைதான் ஒரே பிடிமானம். அதையும் கொடுத்துவிட்டால்?

இந்தப் பயம் இல்லாத இடத்தில் பகிர்வு தானாக நடக்கிறது. 2003-ல் ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில் பேராசிரியர்களின் பாடங்கள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. பாடம் நடத்தியவரின் பெயர் அதிலேயே இருக்கிறது. திருட்டுப் பயம் இல்லை. மற்ற கல்லூரி ஆசிரியர்களும் அதைப் பார்த்து வகுப்புக்குத் தயாராக முடிகிறது.

மதிப்பெண் முறையைக் கைவிட 2025 ஜனவரியில் மானியக் குழு வெளியிட்ட வரைவு யோசனை சொன்னது. எண்கள் போகலாம். உதவியவர் பெயரைக் கட்டுரையின் நன்றியுரையில் தவறாமல் குறிப்பிடும் வழக்கம் மட்டும் துறைக்குள்ளிருந்துதான் வரவேண்டும். அதற்கு எந்த விதிமுறையும் தேவையில்லை.