நாற்காலிக்கே உலை வைத்த இருபது பேர்

நகர சாசனத் திருத்தம் என்றதும் கொட்டாவி விடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். போர்ட்லாண்டின் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் தூங்கலாம்!

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து ஊர் இது. 1913-லிருந்து அங்கே ஒரு வினோத ஏற்பாடு. மேயர் ஒருவர், கமிஷனர்கள் நால்வர், இவ்வளவுதான் நகர மன்றம். தீயணைப்பு ஒருவருக்கு, பூங்கா இன்னொருவருக்கு என்று துறைகளை மேயர் பங்கு வைப்பார். தீயணைப்பில் அரிச்சுவடி தெரிந்திருக்க வேண்டுமா? அவசியமே இல்லை! மேயருக்கு மனசு மாறினால் கொடுத்ததைப் பிடுங்கி வேறு ஒருவரிடம் கொடுக்கலாம். 1900-ல் புயல் துவம்சம் செய்த கால்வெஸ்டன் ஊரில் அவசரத்துக்குப் பிறந்த முறை இது. மற்ற பெரிய நகரங்கள் எல்லாம் தலைமுழுகிய பிறகும் போர்ட்லாண்ட் மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

2007-ல் இதை மாற்றலாமா என்று கேட்டதற்கு மக்கள் முகத்திலடித்தாற்போல் மறுத்துவிட்டார்கள். ஆனால் அதே தேர்தலில், பத்து வருஷத்துக்கு ஒருமுறையாவது சாசனத்தைப் பரிசீலிக்க ஒரு குழு போட வேண்டும் என்ற சாதுவான கேள்விக்கு 'சரி' என்றார்கள். வெடியே அதற்குள்தான் இருந்தது!

2020 கடைசியில் அந்தக் குழு கூடியது. மன்றத்தின் ஐந்து பேரும் தலைக்கு நாலு பேரை முன்மொழிய, மொத்தம் 20 பேர். கொரோனா காலம், ஆகவே கூட்டமெல்லாம் கணினித் திரையில். இருபதில் 15 பேர் ஒத்துக்கொண்டால் போதும், பரிந்துரை நேராக வாக்குச்சீட்டுக்குப் போய்விடும். இடையில் நகர மன்றம் ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது. யார் நியமித்தார்களோ அவர்கள் நாற்காலிக்கே உலை! 2022 ஜூனில் ஓட்டெடுத்தார்கள்: 17-க்கு 3.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. ஓரிகன் சட்டப்படி வாக்குச்சீட்டில் தலைப்புக்குப் பத்து வார்த்தை, கேள்விக்கு இருபது, விளக்கத்துக்கு 175. அதற்கு மேல் ஒன்றுகூட எழுதக் கூடாது. நூறு வருஷ ஆட்சிமுறையைக் கலைத்துப் போடும் திட்டம், இருபது வார்த்தைக் கேள்வியாகச் சுருங்க வேண்டும்! இத்தனை விஷயத்தை ஒரே கேள்வியில் கட்டலாமா என்று வழக்கும் வந்தது. தப்பித்தது. நவம்பரில் 58 சதவீதம் போல ஆதரவு.

திட்டம்தான் என்ன? ஊரை நாலு வட்டாரமாகப் பிரித்து, வட்டாரத்துக்கு மூவர் என 12 உறுப்பினர்கள். துறைகளை நடத்த தனியாக ஒரு நகர நிர்வாகி. மேயருக்கு வீட்டோ கிடையாது. மன்றத்தில் சமநிலை வந்தால்தான் அவருக்கு ஓட்டு. உறுப்பினர் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போட வேண்டும். கால்பங்கு ஓட்டைத் தாண்டினால் வெற்றி. பயப்படாதீர்கள், நம் எம்.எல்.ஏ.க்கள் மாநிலங்களவைக்கு ஆள் அனுப்பும்போது போடுவதும் இதே மாதிரி ஓட்டுதான். என்ன, அதை அவர்கள் கட்சி சொல்லிப் போடுகிறார்கள். அங்கே தெருவில் போகிறவர் போடுகிறார்!

பன்னிரண்டு என்பது இரட்டைப்படை எண் ஆயிற்றே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். 2025 ஜனவரியில் புது மன்றத்தின் முதல் கூட்டம், முதல் வேலை தலைவர் தேர்வு. ஆறுக்கு ஆறு. மறுபடி ஓட்டு, மறுபடியும் ஆறுக்கு ஆறு! கடைசியில் மிட்ச் கிரீன் என்ற உறுப்பினர் பக்கம் மாற, எலானா பர்ட்டில்-கைனி 7-5 என்று தலைவரானார். அவரை எதிர்த்து நின்று தோற்ற கேண்டஸ் அவலோஸ், இந்தச் சாசனத்தைத் திருத்திய இருபது பேரில் ஒருவர்!