லூபஸ் நோய் யாரைப் பற்றுகிறது?

லூபஸ் என்னும் லத்தீன் சொல்லுக்கு ஓநாய் என்பது பொருள். முகத்தில் தோன்றும் புண் ஓநாய் கடித்தாற்போல் இருக்கிறதென்று முற்கால ஐரோப்பிய வைத்தியர்கள் இட்ட பெயர் அது. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் இத்தீவுகளில் வாழும் நம்மவர் இதனைச் சற்று அறிந்திருத்தல் நலம்.

உடலைக் காக்கவேண்டிய நோயெதிர்ப்புச் சக்தியே திசை மாறி, சொந்த உடலையே பகையெனக் கருதித் தாக்குவதால் இந்நோய் உண்டாகிறது. தோல், மூட்டு, சிறுநீரகம், இருதயம், மூளை என எவ்வுறுப்பையும் இது தொடக்கூடும். ஒட்டுநோய் அன்று, நோயுற்றவளின் தட்டையும் பாயையும் தனியே ஒதுக்கிவைப்பது அறியாமையே.

இது எத்தனை பேருக்கு வருகிறது? டில்லியை அடுத்த கிராமங்களில் மருத்துவர் மாளவியாவும் அவர்தம் குழுவினரும் ஆய்ந்து 1993இல் வெளியிட்ட கணக்கு, லட்சம் பேருக்கு மூவர் என்றது. 2023இல் வெளிவந்த உலக மதிப்பீடோ லட்சத்துக்கு ஏறத்தாழ 44 பேர் என்கிறது. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்தமான் நிக்கோபாரின் மக்கள்தொகை சுமார் 3,80,000. முதற்கணக்கைக் கொண்டால் இங்கே பன்னிரண்டு பேர். இரண்டாவதைக் கொண்டால் நூற்றறுபதுக்கும் மேல்! இன்னதென்று கண்டறியப்படாத நோயாளி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. பதிவேட்டில் ஏறாத சரக்கு வந்து சேரவே இல்லையென்று எந்தக் குமாஸ்தாவும் துணிந்து சொல்லமாட்டான்.

யாருக்கு என்னும் கேள்விக்கு விடை தெளிவானது. நோயுற்றோர் பதின்மருள் ஒன்பதின்மர் பெண்கள். அவருள்ளும் பெரும்பாலோர் 15 முதல் 45 வயதுக்குட்பட்டோர். ஆடவரையும் குழந்தைகளையும் இது அறவே விட்டுவிடுவதில்லை. அமெரிக்காவில் வெள்ளையரைவிட ஆப்பிரிக்க, ஆசிய வழிவந்தோரிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்புச் சற்றுக் கூடும். எனினும் ஒரே கருவில் உதித்த இரட்டையருள்கூட ஒருத்திக்கு வந்தது மற்றவளுக்குத் தவறாமல் வருவதில்லை.

மணமாகி வந்த மருமகளோ கல்லூரிக்குச் செல்லும் மகளோ ஓயாத அசதி என்கிறாள், காலையில் விரல் மூட்டுகள் வலிக்கின்றன, தலைமுடி கொட்டுகிறது, வாயில் புண், வெயிலில் சென்று வந்தால் கன்னமிரண்டிலும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் சிவப்பு. வீட்டில் என்ன சொல்கிறோம்? சோம்பல் என்கிறோம், இரத்தக்குறைவு என்கிறோம். காய்ச்சலும் சேர்ந்தால் மலேரியா என்கிறோம். ஆண்டு இரண்டு ஓடிவிடுகிறது.

மலேரியா என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மலேரியாவுக்கென வழங்கிய மெபாக்ரின் மருந்து லூபஸ் நோயாளிகளுக்கு நற்பயன் தருவதை 1951இல் பேஜ் என்னும் ஆங்கில மருத்துவர் எழுதி வெளியிட்டார். அதே இனத்தைச் சார்ந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் இன்று இந்நோய்க்கு முதன்மையான மருந்து. அதற்காகக் கடையில் தாமே வாங்கி விழுங்குதல் கூடாது. அளவு மிஞ்சினால் கண்ணைக் கெடுக்கும்.

சிறுநீரகத்தை இந்நோய் பற்றும்போது தொடக்கத்தில் வலி இராது. மேற்சொன்ன குறிகள் உள்ள பெண்ணை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோர், இரத்தத்தோடு சிறுநீரையும் சோதிக்குமாறு கேட்டல் வேண்டும். செலவு மிகச் சிறிது. சிறுநீரில் புரதம் இருப்பின் அன்றே தெரிந்துவிடும்.