வலிக்காத தீப்புண்ணே கொடியது

கொதிக்கும் நீரும் இட்லிப் பானையின் நீராவியும் 100 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில்தான் உள்ளன. ஆயினும் நீராவி பட்ட புண்ணே கடுமையாக இருப்பது ஏன்? ஒரு கிராம் கொதிநீர் நம் உடல் வெப்பநிலையாகிய 37 டிகிரிக்குக் குளிரும்போது 63 கலோரி வெப்பத்தைத் தருகிறது. நீராவியோ முதலில் நீராக மாறும்போதே, கிராமுக்கு ஏறத்தாழ 540 கலோரி உள்ளுறை வெப்பத்தைத் தோலில் இறக்கிவிடுகிறது.

வெப்பம் எவ்வளவு நேரம் தோலில் தங்குகிறது என்பதும் முக்கியம். மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1947-இல் இதை அளந்து காட்டினர். 44 டிகிரியில் மேல்தோல் அழிய ஏறக்குறைய 6 மணி நேரம் ஆயிற்று. 60 டிகிரியில் 5 வினாடியே போதுமானதாயிற்று.

வெப்பம் எவ்வளவு ஆழம் சென்றது என்பதைக் கொண்டு தீப்புண்ணை மூன்று நிலைகளாகப் பிரிக்கலாம்.

முதல் நிலையில் மேல்தோல் மட்டும் சிவந்து எரியும், கொப்புளம் இராது. ஒரு வாரத்தில் ஆறிவிடும். இரண்டாம் நிலையில் வெப்பம் அடித்தோலைத் தொடுகிறது. கொப்புளம் எழும், வலி மிகும். மூன்றாம் நிலையில் தோல் முழுவதும் வெந்து, வெளுத்தோ கருகியோ தோல்பொருள் போல விறைத்துவிடும். அங்கே வலி தெரியாது. உணர்வு நரம்புகளும் அழிந்துவிட்டன என்பதே அதன் பொருள். ‘வலியில்லை, பயமில்லை’ என்று இருந்துவிடுவது பேராபத்து.

நெருப்பை விட்டு விலகிய பின்னும் தோலுக்குள் புகுந்த வெப்பம் ஆழமாகப் பரவிக்கொண்டே இருக்கும். ஆகவே உடனே குழாய் நீரை 20 நிமிடம் புண்ணின்மேல் ஓடவிட வேண்டும். ஓடும் நீர் வெப்பத்தை அள்ளிச் செல்லும். தேங்கிய நீரோ தானே சூடாகிவிடும். மூன்று மணி நேரத்திற்குள் செய்தாலும் பயனுண்டு. பனிக்கட்டி கூடாது, அது இரத்த ஓட்டத்தைக் குறைத்துத் திசுக்களை மேலும் கெடுக்கும். மை, பற்பசை, எண்ணெய் ஆகியவற்றைப் பூசினால் நோய்த்தொற்றுக்கு வழியாகும். புண்ணின் ஆழமும் மருத்துவருக்குத் தெரியாமற் போகும்.

வீங்குமுன் வளையல், மோதிரங்களைக் கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். தூய துணியால் தளர்வாக மூடுங்கள்.

பாதிக்கப்பட்டவரின் விரல்களுடன் கூடிய உள்ளங்கை, அவர் உடற்பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. கொப்புளப் பரப்பு அதைவிடப் பெரிதானாலும், முகம், கை, மூட்டுகளில் பட்டாலும், மின்சாரத்தால் நேர்ந்தாலும், குழந்தைக்கு நேர்ந்தாலும் மருத்துவமனைக்குச் செல்க. மூன்றாம் நிலைப் புண் எவ்வளவு சிறிதாயினும் அங்கேயே காட்ட வேண்டும்.