நாயோடு நடக்க ஏற்ற பாதை எது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலங்களின் ஊடே பொதுமக்கள் நடந்துபோகச் சட்ட உரிமையுள்ள பாதைகள் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்கு உள்ளன. நாயையும் உடன் அழைத்துச் செல்லலாம். ஆனால் மனிதருக்குப் பிடித்த பாதையெல்லாம் நாய்க்கு ஒத்துவராது. மலைக்காட்சி எப்படி என்பதைவிட, வழியில் என்ன மேய்கிறது, அது எந்த மாதம், வேலிகளை எப்படிக் கடப்பது என்பவற்றையே முதலில் பார்க்க வேண்டும்.

வேலியிலிருந்து தொடங்கலாம். நடைபாதைகளில் வேலியைத் தாண்டப் பல இடங்களில் ஏறியிறங்கும் மரப்படிகளே இருக்கும். வயதான நாய்க்கு அது பெரும்பாடு. கனமான நாயாக இருந்தால் தூக்கிவிடுபவருக்கும் அப்படித்தான். குதிரைப் பாதைகளில் இந்தத் தொல்லை இல்லை. குதிரை படியேறாது என்பதால் அங்கே கதவுகள்தான். ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் 1:25,000 அளவு வரைபடத்தில் நடைபாதை குறும் பச்சைக் கோடுகளாகவும், குதிரைப் பாதை நெடும் பச்சைக் கோடுகளாகவும் தெரியும். வழிகாட்டிக் கம்பங்களில் முன்னதற்கு மஞ்சள் அம்பு, பின்னதற்கு நீல அம்பு. இதைவிடவும் எளிதானவை, ரயில் நின்றுபோன பழைய தடங்கள். பீக் மாவட்டத்தின் டிஸ்ஸிங்டன் தடம் ஆஷ்போர்னிலிருந்து சுமார் 21 கிலோமீட்டர் பெரிய ஏற்றமின்றிச் செல்கிறது. சைக்கிள்களும் வரும் என்பதால் நாய் அருகிலேயே நடக்கப் பழகியிருப்பது நல்லது.

திறந்த மேட்டுநிலங்களின் கதை வேறு. அங்கே உலவும் உரிமைக்காக 1932இல் கிண்டர் ஸ்கவுட் மலையில் தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினார்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்த உரிமையைப் பரவலாக்கியது. அதே சட்டம் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை இந்த நிலங்களில் நாயை இரண்டு மீட்டருக்கு மிகாத வாரில் பிடித்திருக்கச் சொல்கிறது. வானம்பாடியும் ஆட்காட்டியும் தரையில் கூடுகட்டும் காலம் அது. தாய்ப்பறவை மிரண்டு எழுந்துபோனால் முட்டை குளிர்ந்துவிடும். ஆகவே இது மதிக்கவேண்டிய விதி. கால்நடைக்கு அருகே இந்த வார் ஆண்டு முழுவதும் கட்டாயம்.

ஆடுகளை நாய் கடிக்க வேண்டும் என்பதில்லை. துரத்தினாலே சினையாடு கருக்கலைந்துவிடலாம். 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி அது நாயின் உரிமையாளரைச் சேரும் குற்றம். பசுக்களிடம் ஆபத்து திசைமாறுகிறது. கன்றோடு நிற்கும் பசு நாயைப் பகையாகவே பார்த்து விரட்டி வரும். அப்போது வாரைக் கையைவிட்டு விட்டுவிட வேண்டும். நாய் ஓடித் தப்பிவிடும். இழுத்துப் பிடித்து நிற்பவர்தான் மிதிபடுவார். சுற்றுவழி இருந்தால் அந்த வயலுக்குள் போகாமலிருப்பதே மேல். நாயின் கழிவிலுள்ள ஒட்டுண்ணியாலும் பசுக்களுக்குக் கருச்சிதைவு ஏற்படலாம் என்பதால், மேய்ச்சல் நிலத்திலும் அதைப் பையில் எடுத்துச் செல்ல வேண்டும்.

இளைப்பாற கிராமத்து மதுக்கூடங்கள் உண்டு. பெனைன் வே நெடும்பாதை தொடங்கும் ஈடேல் போன்ற ஊர்களில் இவை நடையின் பாதி இன்பம். வாசலில் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்பவை பல. ஆனால் நாயை முன்கூடத்தில் மட்டும் அனுமதித்து, சாப்பாட்டு அறைக்குள் விடாத இடங்களும் உண்டு என்பதால் முன்பே கேட்டுவிடலாம். கடற்கரையில் நடையை முடிப்பதாக இருந்தால் மாதத்தைப் பார்க்க வேண்டும். கூட்டம் சேரும் கரைகள் பலவற்றில் மே முதல் செப்டம்பர் வரை நாய்க்குத் தடை; குளிர்காலத்தில் அவை திறந்துகிடக்கும்.

வீடு திரும்பியதும் காதுமடல், கால்விரல் இடுக்கு, அக்குள் ஆகியவற்றில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். லைம் நோயைப் பரப்புவது அதுதான்.