காது மிஷின் விசிலடித்தால்...

ஆடி பிறந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் காற்று பேயாட்டம் போடும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சுழல்வது அதை நம்பித்தான். காது மிஷின் மாட்டியவருக்கோ அது வெறும் இரைச்சல். மைக்கின் வாயில் மோதும் காற்றையும் மிஷின் பெருக்கித்தானே கொடுக்கும்? இது பழுதல்ல, சற்றுத் திரும்பி நின்றால் குறையும்.

சாரல்தான் உண்மையான எதிரி. போடிமெட்டு, குமுளி வழியாக ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு நாள் முழுக்க ஈரம். காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷினிலிருந்து, காதுக்குள் பொருந்தும் காதச்சுக்கு ஒலியைக் கொண்டுபோவது மெல்லிய பிளாஸ்டிக் குழாய். அதில் ஒரு துளி நீர் தேங்கினாலே சத்தம் விட்டு விட்டுக் கேட்கும், அல்லது நின்றேபோகும். காதச்சைக் குழாயோடு கழற்றி, ரப்பர் பந்தால் ஊதித் துளியை வெளியேற்ற வேண்டும். வாயால் ஊதினால் மூச்சின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். இரவில் செல்லைக் கழற்றிவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மிஷினை மூடி வைக்கலாம். அடுப்படியும் வேண்டாம், மொட்டைமாடி வெயிலும் வேண்டாம்.

அடுத்து விசில். காதுக்குள் போக வேண்டிய ஒலி கசிந்து மறுபடி மைக்குக்குள் நுழைவதால் வருவது அது. அச்சு சரியாக உட்காரவில்லை, குழாய் விரிந்திருக்கிறது, அல்லது காதில் குறும்பி அடைத்திருக்கிறது. பிள்ளைகளுக்குக் காது வளர வளர அச்சு தளர்ந்துவிடும். புதிதாக எடுக்க வேண்டும். குறும்பியை ஊக்கால் நோண்டுவது மட்டும் கூடாது.

விசிலே ஒரு சோதனையும்கூட. மிஷினை ஓடவிட்டு உள்ளங்கையில் பொத்தினால் கீச்சென்று கத்த வேண்டும். கத்தினால் செல்லில் உயிர் இருக்கிறது, குழாயும் அடைபடவில்லை. (விசிலை அடக்கிவிடும் டிஜிட்டல் மிஷின்களும் உண்டு, அவற்றுக்கு இது பொருந்தாது.)

கத்தவில்லையா? முதலில் செல்லைப் பாருங்கள். பெரும்பாலானவை துத்தநாகமும் காற்றும் சேர்ந்து மின்சாரம் தரும் பட்டன் செல்கள். முதுகிலுள்ள ஸ்டிக்கரை உரித்ததும் நுண்துளைகள் வழியே காற்று நுழையும். ஓரிரு நிமிடம் பொறுத்துப் போட்டால் நன்றாக வேலை செய்யும். உரித்ததைத் திரும்ப ஒட்டினாலும் பயனில்லை, செல் தீர்ந்துகொண்டேதான் இருக்கும். எண் 675 நீல ஸ்டிக்கர், 13 ஆரஞ்சு, 312 பழுப்பு. நிறம் பார்த்து வாங்கினால் கடையில் குழப்பம் வராது. குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் புண்ணாகலாம், எட்டாத இடத்தில் வையுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் பேசாத மிஷினை அலமாரியில் போட்டுவிடாதீர்கள். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகும்போது மிஷின், காதச்சு, செல் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.