முன்வரிசையில் நிற்பவர்கள்

கனடாவில் ஓர் உறவினரேனும் இல்லாத தமிழ்க் குடும்பத்தை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ காண்பது அரிது. ரொறன்ரோவிலிருந்து பேசும் சகோதரி, தன் மகன் பாடசாலை 'புட்போல்' அணிக்குத் தெரிவாகியுள்ளான் என்று கூறினால், நாம் நம்மூர் மைதானங்களில் காணும் உதைபந்தாட்டத்தையே மனதிற் கொள்கிறோம். அங்கு அச்சொல் பெரும்பாலும் குறிப்பது வேறோர் ஆட்டத்தை. தலைக்கவசமும் தோட்காப்பும் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஆடப்படுவது அது. பையன் உயரமும் பருமனும் உடையவனாயின், தாக்கும் அணியின் முன்வரிசையில் அவனை நிறுத்திவிடுவர். அந்த இடம் எத்தகையது என்பதைச் சற்று விளக்குவது பயனுடையதெனக் கருதுகிறோம்.

தாக்கும் அணியில் முன்வரிசைக்கு உரியவர் ஐவர். நடுவில் நிற்பவர் பந்தைப் பின்னே கொடுத்து ஆட்டத்தை ஆரம்பித்து வைப்பார். அதன் பின்னர் ஐவருக்கும் உள்ள வேலை ஒன்றே. பந்தை வைத்திருக்கும் தம் சகாவை நெருங்க விடாமல் எதிரணியினரை உடலாற் தடுத்து நிறுத்துதலே அது. முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்கவும் பொதுவாக இவர்களுக்கு உரிமையில்லை. கொழும்பு ஹெவ்லொக் பூங்காவில் றக்பி பார்த்துப் பழகியவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம். பந்து கையில் இல்லாதவரை மறிப்பது றக்பியில் தண்டனைக்குரிய குற்றம். இங்கோ அதுவே ஒருவரின் வாழ்நாள் தொழில்.

புகழ் இவர்களைத் தேடி வருவதில்லை. ஒருவர் தவறிழைத்து, அவர் காத்து நின்றவர் வீழ்த்தப்படும்போதுதான் அவரது பெயர் ஒலிபெருக்கியில் கேட்கும். றக்பியிலும் நாம் இவ்வாறே நடந்து வந்துள்ளோம். குறுந்தூர ஓட்ட வீரராகவும் றக்பி வீரராகவும் விளங்கிய சும்மா நவரத்தினத்தை முதிய தலைமுறை இன்றும் பெருமையுடன் நினைவுகூரும். ஆனால் அக்காலத்தில் ஸ்க்ரம்மின் முன்வரிசையில் கழுத்தைக் கொடுத்து நின்றவர்களின் பெயரைக் கேட்டால் எத்தனை பேர் விடை கூறுவர்?

பணம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. சிட்னியில் சமோவக் குடும்பமொன்றிற் பிறந்த ஜோர்டான் மைலாட்டா, றக்பி லீக் ஆடி வளர்ந்தவர். அமெரிக்க ஆட்டத்தில் ஒரு போட்டியேனும் ஆடியிராத அவரை, 2018இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி தெரிவு செய்தது. முதல் இரு பருவங்களும் களமிறங்காமலே கழிந்தன. பின்னர் இடதுபுறக் காவலராக நிலைபெற்ற அவர், 2025 பெப்ரவரியில் சம்பியன் அணியில் இருந்தார். அவரது ஒப்பந்தங்கள் கோடிக்கணக்கான டொலர் பெறுமதியுடையவை. எனினும் இத்தகையோர் மிகச் சிலரே. பலரது தொழில் சில பருவங்களுடன் முடிந்து விடுகின்றது. ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட தொகை முழுவதும் கைக்கு வரும் என்ற உத்தரவாதமும் பெரும்பாலானோருக்கு இல்லை.

உடல் செலுத்தும் விலை வேறு. முந்நூறு இறாத்தலுக்கு மேற்பட்ட, அதாவது ஏறத்தாழ 136 கிலோவைத் தாண்டிய இருவர், ஆட்டம் ஆரம்பிக்கும் ஒவ்வொரு தடவையும் மோதிக் கொள்கின்றனர். மயங்கி விழச் செய்யும் பேரடியைவிட, எவரும் கணக்கிடாத இச்சிற்றடிகளின் திரட்சியே மருத்துவர்களைக் கவலை கொள்ள வைக்கின்றது. பிற்ஸ்பேர்க் ஸ்ரீலர்ஸ் அணியின் நடுவரிசை வீரர் மைக் வெப்ஸ்ரர் நான்கு முறை சம்பியன் பட்டம் வென்றவர். ஓய்வு பெற்றபின் நினைவும் நிதானமும் குலைந்து, சில காலம் தம் வாகனத்திலேயே உறங்கி, 2002இல் ஐம்பதாவது வயதில் மறைந்தார். அவரது மூளையைப் பரிசோதித்த நைஜீரிய மருத்துவர் பெனற் ஒமாலு, நாட்பட்ட மூளைச் சிதைவின் அடையாளங்களை அதில் கண்டு 2005இல் வெளியிட்டார். 2017இல் வெளியான ஆய்வொன்றில், தொழில்முறை லீக்கில் ஆடிய 111 பேரின் மூளைகளுள் 110இல் அச்சிதைவு காணப்பட்டது. இவை நோயைச் சந்தேகித்த குடும்பங்கள் பெரிதும் வழங்கியவை என்பதால், எல்லா வீரர்களுக்கும் இவ்விகிதத்தைப் பொருத்துவது தவறு. ஆயினும் அவ்வெண் அச்சமூட்டுவதே.

அந்த ஆய்வு வெளியாகி இரண்டு நாட்களில், பால்ற்றிமோர் ரேவன்ஸ் அணியின் முன்வரிசை வீரர் ஜோன் உர்ஷெல் ஓய்வை அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 26. விளையாடிக்கொண்டே எம்.ஐ.ரி.யில் கணிதத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்து வந்தவர் அவர். 2015இல் தலையில் அடிபட்டபின், உயர்கணிதம் சில காலம் கைகூடவில்லை என அவரே கூறியுள்ளார். பின்னர் அதே நிறுவனத்தில் உதவிப் பேராசிரியரானார். கியூபெக்கைச் சேர்ந்த லோரன் டுவர்னே-ரார்டிஃப், கன்சாஸ் சிற்றி அணியில் ஆடியவாறே 2018இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 2020இல் சம்பியனான அவர், கொரோனா காலத்தில் அடுத்த பருவத்தைத் துறந்து முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் பணி புரிந்தார். 'படிப்பா, விளையாட்டா' என்று நம் வீடுகளில் நடக்கும் வாக்குவாதத்தில் இரு தரப்பும் இவர்களைத் தமக்குச் சாதகமாக இழுக்கக்கூடும்!

பிள்ளைகளை மைதானத்திலிருந்து வீட்டுக்கு அழைத்துவர வேண்டும் என்பது நமது வாதமன்று. ஒட்டாவாவில் 2013இல், தன் பாடசாலை றக்பி அணிக்குத் தலைமை தாங்கிய பதினேழு வயது மாணவி ரோவன் ஸ்ரிங்கர், குறுகிய நாட்களில் மீண்டும் மீண்டும் தலையில் அடிபட்டு உயிரிழந்தார். அவரது பெயரால் 2018இல் ஒன்ராரியோ மாகாணம் சட்டமொன்றை நிறைவேற்றியது. தலையில் அடிபட்டதாகச் சந்தேகிக்கப்படும் வீரரை உடனே களத்திலிருந்து அகற்றுவதும், மருத்துவ அனுமதியின்றித் திரும்ப விடாதிருப்பதும் அச்சட்டத்தின்படி அமைந்த விதிகள்.

எனவே ரொறன்ரோவிலிருந்து அடுத்த முறை அழைப்பு வரும்போது, மருமகன் எத்தனை கிலோ என்று வியப்பதோடு நில்லாமல் சிலவற்றைக் கேட்கலாம். வாரத்தில் எத்தனை நாள் முழு மோதலுடன் பயிற்சி நடைபெறுகின்றது? அடிபட்டால் அதை மறைக்காமல் சொல்லும் துணிவு பையனுக்கு உண்டா? அவன் மீண்டும் களமிறங்கலாம் என்று தீர்மானிப்பவர் மருத்துவரா, பயிற்சியாளரா? கொழும்பில் றக்பி ஆடும் நம் பிள்ளைகளின் பாடசாலைகளிலும் இதே கேள்விகளைக் கேட்பதற்குத் தடையேதும் இல்லை.