மின்னழுத்த உணர்விப் பராமரிப்பு
நடுத்தர மின்னழுத்த (3.3, 6.6, 11 கிலோவோல்ட்) மோட்டார் இயக்கிகளில், உயர் மின்னழுத்தத்தைச் சில வோல்ட்டுகளாகக் குறைத்துக் கட்டுப்பாட்டுப் பலகைக்குத் தெரிவிக்கும் உறுப்பு மின்னழுத்த உணர்வி ஆகும். பெரும்பாலும் இது தொடராக இணைத்த மின்தடையங்களால் ஆனது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஊர்களில் உள்ளவை போன்ற சர்க்கரை ஆலைகளில், சக்கைத் தூசியும் ஈரமும் எங்கும் படியும். அவை மின்தடையங்களின் மேல் படிந்தால் மின்கசிவால் அளவீடு பிறழ்ந்து, இயக்கி காரணமின்றி நிற்கக்கூடும். அரவைப் பருவம் முடிந்ததும் தூசியை உறிஞ்சி எடுத்து, மின்தடை மதிப்பை முந்தைய பதிவோடு ஒப்பிடுவது நல்லது.

மின்தடையம் ஒன்று அறுந்துபோனால் திரை சுழியம் காட்டலாம். மின்தேக்கியிலோ உயிரைப் பறிக்கும் அழுத்தம் இருக்கும். ஆகவே திரையை நம்பாமல், மின்னிணைப்பைத் துண்டித்து, உற்பத்தியாளர் குறித்த நேரம் காத்திருந்து, உரிய சோதனைக் கோலால் உறுதிசெய்து, புவியிணைப்பு தந்த பின்னரே உணர்வியைத் தொட வேண்டும். அக்கோல் வேலை செய்கிறதா என்பதையும் சோதனைக்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும்.